நான் படிக்காமல் விட்ட வரி

வாழையிலையில் கட்டிய புளிச்சோற்றின் மணமும், அம்மா நெற்றியில் தடவியிருந்த தைலத்தின் காரமும், பஸ்ஸின் டீசல் புகையும் ஒன்றாகக் கலந்து அடிக்கும் ஒரு வாடை உண்டு. இன்றும் எந்த பஸ் நிலையத்திலாவது அது மூக்கில் ஏறினால் எனக்கு அந்தக் கப்பல் பயணம் நினைவுக்கு வந்துவிடும்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. சுங்கை ரம்பாய்க்கு உள்ளே ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருந்தோம். கிள்ளானில் தொழிற்சாலை வேலையில் இருந்த சித்தப்பாவுக்கு, கம்பெனி விருந்துக் குலுக்கலில் நான்கு பேருக்கான கப்பல் பயணம் விழுந்தது. மூன்று நாளில் பினாங்கும் லங்காவியும் போய்த் திரும்பலாம். சித்தப்பாவுக்கும் சித்திக்கும் பிள்ளைகள் இல்லை. என்னையும் அம்மாவையும் கூப்பிட்டார்கள். லாரி ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்கு லீவு கிடையாது. "அம்மா கூட வந்தாதான் நீ போற" என்று கறாராகச் சொல்லிவிட்டார். நானோ அதற்குள் பள்ளி முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டிருந்தேன்.

பயண ஏற்பாட்டாளரின் கடிதம் மலாயில் வந்தது. அம்மாவுக்கு மலாய் பேச வரும், படிக்க வராது. வீட்டுக்கு வரும் கடிதங்களை நான்தான் படித்துச் சொல்வேன், அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. குடிமக்களுக்கு ஐசி என்ற அடையாள அட்டை போதும் என்று ஒரு வரி இருந்தது. குடிமக்கள் அல்லாதவர்களுக்குப் பாஸ்போர்ட் வேண்டும் என்று அடுத்த வரி இருந்தது. அம்மா அதே தோட்டத்தில் பிறந்தவள்தான், ஆனால் அவளைப் பெற்றவர்கள் பிறப்பைப் பதியாமல் விட்டதால் அவளிடம் இருந்தது "செவப்பு ஐசி". அதை வைத்துக்கொண்டு நாட்டில் குடியிருக்கலாம், ஆனால் குடிமகள் என்று கணக்கில்லை. இது எனக்கு நன்றாகவே தெரியும். அம்மா வராவிட்டால் நானும் போக முடியாது என்பதும் தெரியும்.

"ஐசி இருந்தா போதுமாம்மா" என்றேன்.

"வேற ஒண்ணும் போடலையா பாப்பா?"

"இல்லலா."

பயண நாளன்று விடிந்ததும் தோட்டத்து முனையில் பஸ் ஏறி, மெர்லிமாவ் தாண்டி மலாக்காவில் இறங்கி, கிள்ளானுக்கு வேறு பஸ் பிடித்தோம். அம்மா தீபாவளிப் புடவை கட்டியிருந்தாள். ஜன்னலோர இடத்தை எனக்குக் கொடுத்தாள், சோற்றை உருட்டி ஊட்டினாள், "கடலு பெருசா இருக்கும், ஓரமா நிக்காத, சித்தி கையப் புடிச்சிக்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இப்போது சொல்லிவிடலாம், இப்போது சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. பஸ் கிளம்பியதும் அதை விழுங்கிவிடுவேன்.

துறைமுகத்தில் சித்தப்பாவும் சித்தியும் காத்திருந்தார்கள். பயணச்சீட்டு முகப்பில் இருந்த பெண் அம்மாவின் அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, முடியாது என்று தலையை ஆட்டினாள். சித்தப்பாவுக்கு முகம் தொங்கிப்போயிற்று.

"என்னா அண்ணி, லெட்டர்ல போட்டிருந்திச்சே. படிச்சுப் பாக்கலையா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"பாப்பா எல்லாம் படிச்சிக் காட்டிச்சி தம்பி. எனக்குத்தான் மண்டையில ஏறல" என்றாள் அம்மா. "எனக்குக் கப்பல்னாலே தல சுத்தும். புள்ளைய கூட்டிட்டுப் போங்க."

பையை என் தோளில் மாட்டிவிட்டு, மிச்சமிருந்த ஒரு சோற்றுப் பொட்டலத்தை மட்டும் கையில் எடுத்துக்கொண்டாள். நான் அழவில்லை. உண்மையைச் சொல்கிறேன், என்னைத் தடுக்கவில்லையே என்ற நிம்மதிதான் முதலில் வந்தது. அதை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே வெறுப்பாக இருக்கிறது. அவள் தனியாக பஸ் நிறுத்தத்தைத் தேடி நடந்ததைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கப்பலில் உடை மாற்றப் பையைத் திறந்தேன். என் பாவாடை, என் சட்டைகள், என் துண்டு, நான் குடிக்கும் மைலோ. அடி வரைக்கும் துழாவினேன். அம்மாவின் துணி ஒன்றுகூட இல்லை. அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. யாரிடம் அந்தக் கடிதத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னாளோ, நான் கேட்டதில்லை. மூன்று நாளும் கடலை நான் சரியாகப் பார்க்கவே இல்லை.

அந்தத் தோட்டத்து வீடுகளை இடித்துவிட்டார்கள். பஸ் நின்ற முனையில் இப்போது பெட்ரோல் நிலையம் இருக்கிறது. அலையாய் அலைந்து, அறுபது தாண்டிய பிறகு அம்மாவுக்குக் குடிமக்களுக்கான நீல ஐசி கிடைத்தது; சிவப்பு அட்டையை வாங்கிக்கொண்டார்கள். இப்போது பாயா ரும்புட்டில் என்னோடு இருக்கிறாள், பாஸ்போர்ட்டும் எடுத்தாயிற்று. போன வாரம் அவளுக்கும் எனக்கும் கப்பலில் இடம் போட்டேன். பயண விவரம் கைப்பேசிக்கு வந்தது. பூண்டு உரித்துக்கொண்டிருந்தவளுக்கு வேண்டியதை மட்டும் சுருக்கமாகப் படித்துச் சொன்னேன்.

அம்மா தலை நிமிராமல் கேட்டாள், "எல்லா வரியும் படிச்சியா பாப்பா?"

அவள் குரலில் கோபம் இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து மறுபடியும் படிக்க ஆரம்பித்தேன்.