சின்ன வீட்டுக்காரி மகள்

வனஜாவுக்குக் கோபம் வந்தால் தெருநாய்கூட வாலைச் சுருட்டிக்கொள்ளும் என்பார்கள் பூந்தமல்லியில். ஆவடியில் ராணுவ உடுப்பு தைக்கும் தொழிற்சாலையில் மெஷின் மிதிப்பவள். குறை சொன்ன சூப்பர்வைசரிடம், "வா, நீ தைச்சுக் காட்டு" என்று எழுந்து இடம் விட்டவள்.

தொண்ணூற்று நாலாம் வருஷம் நகரத்துச் சங்கம் ஒன்று, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லிக்கு ஆள்களைக் கூட்டிவந்து தெருத் தெருவாக நடக்க வைத்தது. 'இசை நடை' என்று பெயர். பெருமாள் கோயில் மண்டபம், வெள்ளைக்காரப் பட்டாளம் பேண்டு வாசித்த மைதானம், நாடகக் கொட்டகை இருந்த இடம் என்று காட்டிக்கொண்டே போவார்கள். வழிகாட்டி பார்த்தசாரதி, பேங்க் வேலையிலிருந்து ரிட்டயர் ஆனவர். தலையில் தொப்பி, கழுத்தில் கேமரா, வாய் நிறையக் கதை.

வழக்கமாக ஞாயிறும் ஓவர்டைம் போகிற வனஜா அன்று வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கூட்டம் அவள் வீட்டெதிரே வந்து நின்றது. 'தாட்சாயிணி' என்ற பெயர் காதில் விழுந்ததும் அவள் கை நின்றது. அது அவள் அம்மா. நாடக மேடையில் பாடியவள், செத்துச் சில வருஷமாகிறது. அம்மாவைப் பற்றிப் பேசப் பட்டணத்திலிருந்து ஆள் வருகிறதே என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. ஒரு நொடிதான்.

"இதுதான் ரைஸ் மில் வீரராகவனோட சின்ன வீடு" என்றார் பார்த்தசாரதி, கண்ணைச் சிமிட்டிக்கொண்டு. "பாட்டுக்காரி தாட்சாயிணிக்குக் கட்டிக் குடுத்தது. அந்தக் காலத்துப் பெரிய மனுஷங்களுக்கு சங்கீத ஞானம் கொஞ்சம் ஜாஸ்தி!"

கூட்டம் சிரித்தது. வனஜா ஈரப் புடவையைத் தோளில் போட்டபடியே படியிறங்கினாள்.

"இன்னா சார் சொன்னே? திருப்பிச் சொல்லு."

"நீங்க யாரும்மா?"

"அந்தப் பாட்டுக்காரி பொண்ணு. இது வைப்பாட்டி ஊடுன்னு யாரு சார் உனக்குச் சொன்னது?"

"இங்க விசாரிச்சேன்மா. டீக்கடைக்காரரே சொன்னார்…"

சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாக அவரை முனையிலிருந்த ஆனந்தனின் டீக்கடைக்குக் கூட்டிப் போனாள். கூட்டமும் பின்னாலேயே வந்தது. நடக்க வந்தவர்கள்தானே.

ஆனந்தன் கையில் கிளாஸோடு முழித்தான். "நான் இன்னாக்கா தப்பா சொல்லிட்டேன்? அந்த ஊட்டுக்கு இன்னா பேருன்னு கேட்டாரு, சின்ன ஊடுன்னேன். தாட்சாயிணி அம்மா இருந்துச்சுன்னேன். எதிர்ல கீறது யாருதுன்னாரு, ரைஸ் மில்காரருதுன்னேன். அவ்ளோதான்க்கா."

நடந்தது இதுதான். தாட்சாயிணியும் ஆர்மோனியம் வாசித்த அவள் புருஷன் அப்பாவுவும் மேடையில் உழைத்து அந்தத் தெருவில் அடுத்தடுத்து இரண்டு வீடுகள் கட்டினார்கள். பெரியதில் நாடகக் கம்பெனி ஆள்கள் தங்கினார்கள், சின்னதில் குடும்பம் இருந்தது. பெரிய வீடு கைமாறிக் கல்யாண மண்டபமாகிவிட்டது. சின்ன வீடு அந்தப் பெயரோடே நின்றுவிட்டது. பால்காரர், தபால்காரர் எல்லாருக்கும் அது 'சின்ன ஊடு'தான். அந்த வார்த்தைக்கு இன்னோர் அர்த்தம் உண்டென்று தெருவுக்குத் தெரியாமலில்லை, ஆனால் இந்த வீட்டோடு சேர்த்து அப்படி யாரும் நினைத்ததில்லை. மீதியைத் தொப்பிக்காரர் தாமே சமைத்துக்கொண்டார். பாட்டுக்காரி என்றதும் அவளுக்கு ஒரு புருஷன் இருந்திருப்பான் என்று அவருக்குத் தோன்றவில்லை. எதிர்வீட்டு முதலாளிதான் தோன்றினார். என்ன புத்தியோ!

"தப்பா புரிஞ்சுக்கிட்டேன். ஸாரிம்மா."

"எத்தினி மாசமா இதைச் சொல்லிகினு கீறே?"

"ஒரு… வருஷமா."

"அவங்கல்லாம் சிரிச்சுட்டு ஊட்டுக்குப் போய்ட்டாங்களே சார்! அவங்ககிட்ட யாரு போய்ச் சொல்றது?"

அவர் தொப்பியைக் கழற்றினார். அடுத்த மாதம் சரியாகச் சொல்லிவிடுகிறேன் என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் வனஜா வாசலிலேயே காத்திருந்தாள். கூட்டம் வந்தது. பார்த்தசாரதி தலையைக் குனிந்துகொண்டு விறுவிறுவென்று வீட்டைத் தாண்டி நடந்தார். வாயே திறக்கவில்லை. வம்பு எதற்கென்று தாட்சாயிணியையே கதையிலிருந்து வெட்டிவிட்டார். வனஜாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. போன மாதம் அசிங்கமாகவாவது அம்மா பெயர் வந்தது, இப்போது பெயரே இல்லை.

"நில்லு சார்!" என்று கத்தினாள். "எல்லாரும் கேட்டுக்கோங்க. இது தாட்சாயிணி ஊடு. எங்கம்மா. செங்கல்பட்டு வரிக்கும் கொட்டாய் கொட்டாயா போய்ப் பாடிச்சு. எங்கப்பா அப்பாவு கூடவே ஆர்மோனியம் வாசிச்சாரு. ரெண்டு பேரும் சேர்ந்து கட்டின ஊடு இது. வேற எவனும் ஒரு செங்கல் குடுக்கலை!"

கூட்டத்தில் மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் முன்னால் வந்தார். நல்ல மனசோடுதான் கேட்டார்.

"அவங்க பாடின பாட்டு ஒண்ணு பாடிக் காட்டுங்களேன்மா. கேக்கணும்போல இருக்கு."

வனஜா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள். குரல் உடைந்தது. அது அவளுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. "சின்னப் புள்ளையில நான் வாயைத் திறந்து பாடினா, வாய் மேலயே போடும் எங்கம்மா. பாடினது என்னோட போவட்டும், நீ மெஷின் மிதின்னு சொல்லிச்சு. ஒரு பாட்டுகூட எனக்குக் குடுக்காம செத்துப்போச்சு."

பார்த்தசாரதியை நோக்கி விரலை நீட்டினாள்.

"எல்லாம் இந்தாளு மாதிரி ஆளுங்க வாய்க்குப் பயந்துகினுதான்."