நார்மல் என்று எழுதிய குழாய்

மகள் இன்று காலை வாட்ஸப்பில் ஒரு ரிப்போர்ட் அனுப்பியிருந்தாள். தை மாதம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை இங்கே கல்கத்தாவில், பெஹாலா பக்கம் வளர்ந்த வங்காளிப் பையன். கல்யாணத்துக்கு முன் தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய்க்குப் பரிசோதனை செய்துகொள்வது இங்கே பல வீடுகளில் வழக்கம். அவள் கேரியர் என்று வந்திருந்தது; நோய் இல்லை, ஆனால் பிள்ளைக்குக் கடத்தக்கூடியவள். ‘அவனோடது நாளைக்குத்தான் வரும்மா. பயமா இருக்கு’ என்று கீழே எழுதியிருந்தாள். படித்தவுடன் எனக்கு ஸ்பிரிட் வாசனை அடித்தது. அவளுக்கும் இது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று தெரிந்தும் இத்தனை வருடம் அவளைச் சோதிக்காமல் தள்ளிப்போட்டவள் நான். லேபில் வேலை பார்த்தவளின் லட்சணம் இது.

பாலிகஞ்சில் ஒரு சின்ன லேப் அது. விரல் அகலப் பட்டையில் ரத்தத்தின் புரதங்களை மின்சாரத்தில் ஓடவிட்டுச் சாயம் போட்டால் சிவப்புக் கோடுகளாகப் பிரிந்து தெரியும். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ரத்தம் ஒன்று வேண்டுமே? வெளியே யாரைத் தேடுவது என்று எங்களுக்குள்ளேயே முறை வைத்துக் கொடுப்போம். குழாயில் ‘நார்மல்’ என்று எழுதி ஒட்டுவோம். எங்களில் யாரும் அதற்குமுன் பரிசோதித்துக்கொண்டதில்லை என்பதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

அன்று என் முறை. மூன்று மாத வயிற்றோடு கையை நீட்டினேன். மூத்த டெக்னீஷியன், நாங்கள் அக்கா என்ற பொருளில் ‘தி’ சேர்த்துக் கூப்பிடும் ஷிப்ரா தி, பட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “ஏட்டா கார் ரக்தோ?” என்று கேட்டார். யாருடைய ரத்தம் என்று எல்லாருக்கும் தெரியும். நூலாக இருக்கவேண்டிய கடைசிக் கோடு தடித்துக் கிடந்தது. நான் கேரியர். வந்தவர்களிடமெல்லாம் பயப்படாதீங்க என்று சொல்லிக்கொண்டிருந்த நான் பட்டையை வாங்கி மறுபடி மறுபடி பார்த்தேன்.

என் பயம் என்னைப் பற்றியது அல்ல. கட்டிக்கொண்டது அத்தை மகனை. வங்கி ஊழியரான அவரிடம் வங்கிக் கணக்காகவே சொன்னேன்: டி.என்.ஏ. என்கிற அசல் பத்திரம் செல்லின் லாக்கரை விட்டு வராது; நகல்தான் வெளியே போகும். அந்த நகலை மூன்று மூன்று எழுத்தாகப் படித்துப் புரதம் கோப்பார்கள். அசலில் ஓர் எழுத்து பிசகினால் எல்லா நகலும் பிசகும். நம் ஒவ்வொருவரிடமும் இரண்டு அசல், அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. ஒன்று கெட்டால் மற்றது காப்பாற்றும். இரண்டும் கெட்டதாகப் பிள்ளைக்குப் போனால் காலம் முழுக்க அதற்கு ரத்தம் ஏற்றவேண்டும்.

அவர் சாதத்தைப் பிசைந்தபடியே இருந்தார். “எங்கம்மாவும் உங்கப்பாவும் கூடப் பொறந்தவங்க. ஒனக்கு இருந்தா எனக்கும் இருக்கும்ல?” என்றார். அதைத்தான் நான் சொல்லாமல் விட்டிருந்தேன்.

மறுநாள் அவர் ரத்தத்தை மட்டும் தனிப் பட்டையில் ஓட்டினார் ஷிப்ரா தி. சாயம் கழுவி அது காயும்வரை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கடைசிக் கோடு நூலாக இருந்தது.

அந்தப் பட்டையைப் பத்திரமாக வைத்திருந்தேன். இன்று எடுத்துப் பார்த்தால் சாயம் போய் வெறும் வெள்ளையாக இருக்கிறது. லேப் இருந்த இடத்தில் செல்போன் கடை. ஷிப்ரா தியும் போய்ச் சேர்ந்தாயிற்று. இப்போது எல்லாம் மெஷின். ரிப்போர்ட் தானாகப் போனுக்கு வந்து விழுகிறது, பக்கத்தில் யாரும் இருப்பதில்லை.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் மகள் இருக்கும் டாக்குரியாவுக்குப் போய் அவள் பக்கத்தில் உட்காரப்போகிறேன். அவனுடைய ரிப்போர்ட் வரும்வரை அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.