பொல்ட்டுவின் வலிப்பும் மாமாவின் டைரியும்

என் மாமா வெங்கடசுப்ரமணியனுக்கு நாய் என்றாலே ஆகாது. கல்கத்தா அலிப்பூரில் ஓர் அரசு அலுவலகத்தில் முப்பத்தாறு வருஷம் ஃபைல் பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் லேக் கார்டன்ஸில் இரண்டாவது மாடி ஃபிளாட்டில் தனியாகக் காலம் தள்ளியவர். எனக்குக் கல்கத்தாவில் வேலை கிடைத்து அவரிடம் தங்க வந்த முதல் நாளே, குளியலறை வாளியை எந்த மூலையில் கவிழ்த்து வைக்க வேண்டும் என்று பாடம் எடுத்தார். அப்பேர்ப்பட்ட மனுஷர் போன ஆகஸ்டில் ஒரு நாயோடு வாசலில் வந்து நின்றால் எனக்கு எப்படி இருக்கும்?

பெஹாலாவில் ஆட்டோ மோதி அடிபட்ட தெருநாய் அது. அங்கிருந்த நாய்க் காப்பகத்துக்குப் பழைய போர்வைகளைக் கொடுக்கப் போன இடத்தில் மாமா அதைப் பார்த்திருக்கிறார். வலது கண் தெரியாது. ஒரு பின்னங்கால் விறைத்து இழுத்துக்கொண்டே வரும். மண்டையில் பட்ட அடியால் வலிப்பு வேறு. ஒன்பது மாதமாக அதை எடுத்துப்போக யாரும் வரவில்லையாம். பொல்ட்டு என்பது காப்பகத்தில் வைத்த பெயர்.

"ஒழுங்கான நாய் ஒண்ணுகூடவா அங்க இல்ல மாமா?"

"ஒழுங்கா இருக்கறதை யார் வேணா எடுத்துண்டு போவா. நீ உன் லேப்டாப்பைப் பாருடி அக்‌ஷயா."

முதல் வலிப்பை நான் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். தோசைக்குக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாய் சட்டென்று பக்கவாட்டில் சாய்ந்தது. நான்கு காலும் வெட்டி வெட்டி இழுத்தன. வாயில் நுரை. தரையிலேயே மூத்திரம் போய்விட்டது. நான் கத்திய கத்தலில் கீழ்வீட்டு மௌஷுமி பௌதி (இங்கே அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) மாடியேறி ஓடி வந்தாள். மாமா மட்டும் அதன் தலைக்கடியில் தலையணையைக் கொடுத்துவிட்டு, கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணே முக்கால் நிமிஷம்" என்று சொல்லிவிட்டு டைரியை எடுத்து எழுதினார்.

அந்த டைரி அவருடைய ஆபீஸ் புத்தி. காலை ஏழு, மாலை ஏழு மாத்திரை, தின்றது, தின்னாதது, வலிப்பு வந்த தேதி, நேரம், எத்தனை நிமிஷம், எல்லாம் அதில் உண்டு. இப்படி ஒரு பதிவேட்டைக் கண்டதில்லை என்று கால்நடை மருத்துவர் நந்திதா சொல்லிவிட்டார். அதற்கப்புறம் ஒரு வாரம் மாமாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. மாதத்துக்கு ஒரு வலிப்பு, அதிகம் போனால் இரண்டு. இதைச் சமாளித்துவிடலாம் என்று நானும் நம்பினேன்.

டிசம்பரில் குளிர் இறங்கியது. பொல்ட்டுவுக்கு இருமல் வந்தது, கால் இன்னும் விறைத்தது. அதோடு வலிப்பும் வாரத்துக்கு இரண்டு, மூன்று என்று ஏறியது. மருத்துவர் மாத்திரையைக் கூட்டினார். ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்விதான் கேட்டார்: வீட்டில் புதிதாக ஏதாவது? மருந்து, சாப்பாடு, ஃபினாயில், கொசுவத்தி? மாமா ஒவ்வொரு தடவையும் டைரியைப் புரட்டிக் காட்டி, ஒன்றுமில்லை என்று அடித்துச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் பழியை மௌஷுமி பௌதியின் தலையில் போட்டார். சாயங்காலம் அவள் போடும் சாம்பிராணிப் புகைதான் மேலே வந்து நாயைப் படுத்துகிறதாம். அவளிடம் சண்டைக்கே போய்விட்டார். பாவம், அவள் அன்றோடு புகை போடுவதை விட்டாள். வலிப்பு விடவில்லை.

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை. பொழுது விடிந்து எட்டு மணிக்குள் நான்கு வலிப்பு. நடுவில் நினைவே திரும்பவில்லை. டாக்ஸியில் என் மடியில் அது ஐந்தாவது தடவையாக இழுத்தது. மருத்துவர் ஊசி போட்டு அடக்கிவிட்டு, மாமாவை உட்காரச் சொன்னார். இதற்கு மேல் மாத்திரையைக் கூட்டினால் ஈரல் தாங்காது, இதே ரீதியில் போனால் மூளையும் தாங்காது, கஷ்டப்படாமல் அனுப்பிவிடுவதுதான் அதற்கு நாம் செய்யும் நல்லது என்று வங்காள மொழியில் மெதுவாகச் சொன்னார். சம்மதப் படிவம் ஒன்றை நீட்டினார்.

மாமா அதை ஃபைல் படிப்பதுபோல் இரண்டு தடவை படித்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

மருத்துவர் ஊசிக்கு நரம்பு பார்க்கப் பொல்ட்டுவின் காலைத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றார். குனிந்து முகர்ந்தார். இது என்ன வாசனை என்று கேட்டார்.

எண்ணெய்தான், தேங்காயெண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சியது, இருமலுக்கு நெஞ்சிலும் விறைப்புக்குக் காலிலும் தினம் சாயங்காலம் தடவுகிறேன் என்றார் மாமா. அந்த நிலையிலும் அதை ஒரு பெருமையோடுதான் சொன்னார்.

"கொர்ப்பூர்?" என்றார் மருத்துவர், கற்பூரத்தை வங்காள உச்சரிப்பில். மாமாவின் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினார். நாய் அதை நக்குமா என்று கேட்டார். நக்கும் என்றார் மாமா. டிசம்பரிலிருந்தா? ஆமாம்.

கற்பூரமே வலிப்பை வரவழைக்கும். தோல் வழியாகவும் உள்ளே இறங்கும், நக்கினால் கேட்கவே வேண்டாம். மருத்துவர் சொல்லிக்கொண்டே போனார். எத்தனை தடவை கேட்டேன் அண்ணா, ஏன் சொல்லவில்லை என்று அவர் கத்தினார். எங்கள் வீட்டில் அந்த எண்ணெய்க்கு மருந்து என்று பெயரே கிடையாது. சளி பிடித்தால் தடவுவோம், அவ்வளவுதான். தலை வாருவதை யாராவது டைரியில் எழுதுவார்களா? சில நாள் கற்பூரத்தை நுணுக்கிப் போட்டதே நான்தான். இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தால் கையெழுத்தும் ஆகியிருக்கும்.

சோப்பு போட்டு இரண்டு தடவை குளிப்பாட்டி, நான்கு நாள் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். அந்த நான்கு நாளில் வலிப்பு வரவில்லை. இனி வரவே வராது என்று சொல்லமாட்டேன், ஆனால் அனுப்பிவைக்கும் பேச்சுக்கு இப்போது இடமில்லை என்றார் மருத்துவர். நான் சந்தோஷத்தில் அழுதேன். மாமா தலையை மட்டும் ஆட்டினார்.

பொல்ட்டுவை வீட்டுக்குத் தூக்கி வந்தது நான்தான். மாமா அதைத் தொடவே இல்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளியே நின்றார். மாத்திரையைக்கூட என்னைக் கொடுக்கச் சொன்னார்.

சாயங்காலம் ஏழேகால் மணி இருக்கும், வழக்கமாக எண்ணெய் தடவும் நேரம். பொல்ட்டு எழுந்தது. காலை இழுத்துக்கொண்டு, தெரிகிற கண்ணால் தேடிக்கொண்டு, மாமாவின் நாற்காலிக்குப் போனது. அவர் முன்னால் படுத்து, விறைத்த காலை அவர் பக்கமாக நீட்டியது.

மாமா அந்தக் காலையே பார்த்தார்.

"பாத்தியாடி அக்‌ஷயா? தினம் இப்படித்தான் நீட்டும். நான் கூப்பிடவே வேண்டாம். நான் விஷத்தைத் தடவத் தடவ நீட்டிண்டே இருந்ததுடி."

அவர் அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. "எண்ணெய் வேண்டாம் மாமா, வெறும் கையால தடவுங்கோ" என்றேன்.

எழுந்து போய் சோப்பு போட்டுக் கையைக் கழுவினார். முகர்ந்து பார்த்தார். மறுபடி கழுவினார். ஈரக் கையை என் மூக்குக்கு நேராக நீட்டி, "வாசனை இருக்கா பாரு" என்றார். இல்லை என்றேன். நம்பாமல் மூன்றாவது தடவையும் போய்க் கழுவினார்.

அவர் திரும்பி வரும்வரை பொல்ட்டு நீட்டிய காலை மடக்கவே இல்லை.