இருநூறு டாலர் ஜெயித்தவர்

ஜெர்சி சிட்டியிலிருந்து அட்லாண்டிக் சிட்டிக்குப் போகும் கசினோ பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் கடல் பார்க்கப் போனவன். அவருக்கு அறுபது வயதிருக்கும். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, நெற்றியில் மெல்லிய விபூதிக் கீற்று. வீடியோ போக்கர் என்ற சூதாட்ட மெஷினில் இருநூறு டாலர் ஜெயித்ததும் எழுந்துவிடுவாராம்.

"டிசிப்ளின், தம்பி. மத்தவங்களுக்கு அதுதான் கெடையாது," என்றார்.

பதினோரு மணிக்கே கடற்கரையில் என்னைத் தேடி வந்து பர்ஸை நீட்டினார். "ஜெயிச்சுட்டேன். அஞ்சு மணிக்கு பஸ் ஏறுற வரைக்கும் வச்சிருங்க. நானே கேட்டாலும் குடுக்காதீங்க."

ஒரு மணிக்குக் கேட்டார். சிரித்து மறுத்தேன். இரண்டு மணிக்குப் பசிக்கிறது என்றார். பீட்சா வாங்கித் தந்தேன், அவர் தொடவில்லை. மூன்று மணிக்கு, "என் பணத்த வச்சிக்க நீ யாருடா?" என்று கத்தினார். அப்போதும் கொடுக்கவில்லை.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் பர்ஸைத் திருப்பிக் கொடுத்தேன். "தப்பா பேசிட்டேன், தம்பி," என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். டிரைவர் கதவைச் சாத்தப் போகும்போது, "ரெஸ்ட்ரூம் போயிட்டு வந்துடறேன்," என்று இறங்கினார்.

டிரைவர் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, அவர் வருவாரா என்று என்னைக் கேட்டார். வரமாட்டார், கிளம்புங்கள் என்றேன்.

இறங்கி, கசினோவுக்குள் போய்க் கூட்டி வந்திருக்கலாம். ஆனால் அவரைக் காவல் காத்து ஆறு மணி நேரத்திலேயே எனக்கு அலுத்துவிட்டது. அவர் எத்தனை வருஷமாகத் தனக்குத் தானே காவல் இருந்தாரோ.