நேர்காணல் நாளில் வராத சத்தம்

ஏழாம் வகுப்பில் எனக்கு எல்லார் மேலும் சந்தேகம். அதற்குத் தோதாக எங்கள் கேளம்பாக்கம் வீட்டுக் கம்ப்யூட்டர் திடீர் திடீரென்று ஊமையாகத் தொடங்கியது.

பழி என் தலையில் விழுந்தது. கண்ட கேமையும் இறக்கி சத்தத்துக்கான மென்பொருளை, சவுண்ட் டிரைவரை, கெடுத்துவிட்டேனாம். இனி கம்ப்யூட்டர் பக்கமே வரக் கூடாதென்றார் அப்பா. நான் ஒன்றுமே செய்யவில்லை. வேலை தேடி ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த மாமா, அம்மாவின் தம்பி, மட்டும் எனக்காகப் பரிந்து பேசினார்.

"கொயந்தய இன்னாத்துக்கு திட்றீங்க? உப்பளம் பக்கத்துலயே கீது. உப்புக் காத்துல சவுண்ட் கார்டு அரிச்சிருக்கும்."

எங்கள் பக்கத்தில் சைக்கிள் செயின் முதல் குக்கர் வரை எது கெட்டாலும் உப்புக்காற்றுதான் குற்றவாளி. யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

ஆனால் உப்புக்காற்று நாள் பார்த்தா வீசும்? மாமாவுக்குக் கம்ப்யூட்டர் வழியாக நேர்காணல் இருக்கும் நாளில் மட்டும் சத்தம் போனது. மன்னிப்புக் கேட்டு மெயில் அனுப்பி, நேர்காணல் தள்ளிப்போனதும் மாமா ஏதோ தட்டுவார். பாட்டு கணீரென்று கேட்கும். தம்பியின் கைராசி என்று அம்மா பூரித்துப்போவாள்.

அடுத்த நேர்காணலன்று மாமா குளிக்கப் போன நேரம் பார்த்துக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். எந்தக் கருவி வேலை செய்கிறது என்று காட்டும் டிவைஸ் மேனேஜரைத் திறந்தேன். டிரைவர் கெட்டிருந்தால் மஞ்சள் முக்கோணம் இருக்க வேண்டும். இருந்ததோ கீழ்நோக்கிய சின்ன அம்புக்குறி. யாரோ வேண்டுமென்றே அணைத்து வைத்திருக்கிறார்கள்! ஒரே கிளிக்கில் சத்தம் வந்துவிட்டது.

"நான் இல்லப்பா! மாமாதான் ஆஃப் பண்ணி வெச்சிகினு இருந்தாரு!" என்று வீடே அதிரக் கத்தினேன். அத்தனை சந்தோஷம் எனக்கு.

தலை துவட்டியபடி வந்த மாமா என்னையே பார்த்தார். "கெட்டிக்காரிதான் பாப்பா நீ" என்றார். கோபமே இல்லை. அது இன்னும் சந்தேகமாக இருந்தது.

"அதான் சரியாயிடுச்சே, உக்காரு" என்றார் அப்பா மாமாவிடம்.

சாத்திய கதவில் காதை வைத்தேன். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று ஸ்பீக்கரில் ஒரு பெண் ஆங்கிலத்தில் கேட்டாள். "மை நேம்..." என்று ஆரம்பித்த மாமா அதோடு நிறுத்திவிட்டார். தான் பேசுவது கேட்கிறதா என்று அவள் இரண்டு தரம் கேட்டாள்.

மறுநாள் அவர் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறிவிட்டார். அம்மா என்னோடு பேசவில்லை.

மாமாவின் குரல் அந்தப் பெண்ணுக்குப் போகாததற்கு எனக்கு மைக் மேல்தான் சந்தேகம். அன்று சாயங்காலம் மூன்று முறை பேசிப் பதிவுசெய்து போட்டுக் கேட்டேன். மூன்று முறையும் என் குரல் பிசிறில்லாமல் கேட்டது.