எங்கள் பள்ளியில் யாருக்கும் மனச்சோர்வு இல்லை

மாணவர்களின் மனச்சோர்வை ஆசிரியர்கள் கண்டுபிடிப்பது எப்படி என்று விழுப்புரத்தில் ஒருநாள் பயிற்சி வைத்தார்கள். பள்ளிக்கு ஒருவர் போக வேண்டும். எங்கள் தலைமையாசிரியர் என்னைப் பிடித்துப் போட்டார். "ஸ்டாஃப்லயே நீங்கதாம்மா அதிகமா கோவப்படறீங்க. போய் மனசைப் பத்தி நாலு விஷயம் கத்துக்கினு வாங்க" என்றார். பதினெட்டு வருடமாக வேதியியல் நடத்துகிறேன். பதினோராம் வகுப்பின் வகுப்பாசிரியை வேறு. கோபம் வராமல் எப்படி இருக்கும்?

திண்டிவனத்தில் பஸ் பிடித்து, விழுப்புரத்தில் இறங்கி, மண்டபத்தின் கடைசி வரிசையில் மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்தேன். இருப்பதிலேயே நல்ல இடம் அதுதான். பயிற்சி கொடுக்க வந்தவர் திரையில் இருந்ததை அப்படியே வாசித்தார். நாங்களும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள்தான் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. சாப்பாடு சரியாக இறங்காது, தூக்கம் கெடும், எதிலும் பிடிப்பு இருக்காது, சிலருக்கு எரிச்சல் வரும், சிலர் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள், படிப்பு திடீரென்று சரியும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார். நான் மடியில் வைத்து மாதத் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். நேரத்தை வீணாக்கக் கூடாது அல்லவா? ஒரு தாளில் பெயரும் வரிசை எண்ணும் அச்சடித்தது போல் இருந்தன. மூன்றாவது கேள்விக்குப் பிறகு ஒன்றுமே எழுதவில்லை. எப்போதும் எண்பதுக்குக் குறையாத பெண். சிவப்பு மையில் 'கவனக்குறைவு' என்று எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டு, மசால் வடை வருகிறதா என்று பார்த்தேன்.

மறுநாள் காலையிலேயே கல்வி அலுவலகத்திலிருந்து வாட்சப்பில் படிவம் வந்துவிட்டது. பள்ளியில் மனச்சோர்வுக்கான அறிகுறிகள் உள்ள மாணவர் எத்தனை பேர், பதினோரு மணிக்குள் தெரிவிக்கவும், இல்லையெனில் 'இன்மை' என்று அனுப்பவும். இன்மை என்றால் எங்களிடம் அப்படி ஒன்றும் கிடையாது, ஆளை விடுங்கள் என்று பொருள். எண்ணிக்கை எழுதினால் கூடவே பத்துக் கட்டங்களை நிரப்ப வேண்டும். இன்மைக்கு ஒரு கையெழுத்தும் முத்திரையும் போதும். போன வாரம் கொசுப்புழு இருக்கிறதா என்று கேட்டதற்கும் இன்மைதான் அனுப்பினோம், அதை எழுதும்போதே கையில் கொசு கடித்துக்கொண்டிருந்தது. பத்தேமுக்காலுக்கு நான் இன்மை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தலைமையாசிரியர் முத்திரை குத்தினார்.

எங்கள் வகுப்பில் எனக்குத் தெரிந்த ஒரே நோய் பேச்சு. அதற்குக் கரும்பலகையின் வலது மூலையில் வைத்தியம் உண்டு. ஆசிரியர் இல்லாத நேரத்தில் வகுப்புத் தலைவி அங்கே 'பேசியவர்கள்' என்று தலைப்பிட்டுப் பெயர் எழுதி வைப்பாள். திரும்பத் திரும்பப் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறியும் எண்ணும் ஏறும். அந்தப் பட்டியலில் நிரந்தரமாக முதலிடம் ஒரு வாயாடிக்கு. ஐந்து, ஆறு, ஒருநாள் ஒன்பதுகூட ஏறியிருந்தது. அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள்தான் அந்தத் தேர்வுத்தாளுக்குச் சொந்தக்காரி. அவள் பெயர் அந்த மூலைக்கு வந்ததே இல்லை. "இவளப் பாத்துக் கத்துக்கோங்க, இருக்கற இடமே தெரியுதா?" என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லியிருப்பேன். ஆண்டு விழாவில் அமைதியான மாணவி என்று ஒரு பரிசை நானே ஏற்படுத்தி, அவளை மேடைக்குக் கூப்பிட்டு, எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுத்தேன். கைதட்டலும் நான்தான் ஆரம்பித்தேன்.

இன்மை அனுப்பி ஒரு வாரம் ஆகியிருக்கும். வாயாடியின் பெயர் ஏழால் பெருக்கப்பட்டிருந்தது. அவளை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போய்க் கத்தினேன்.

"யாருகிட்டடி அப்படி ஓயாம பேசற?"

"அவகிட்டதான் மிஸ்."

"அவ வாயே தெறக்க மாட்டாளே!"

"அதான் மிஸ், ரெண்டு பேருக்கும் சேத்து நானே பேசிக்கினு கீறேன். நான் நிறுத்துனா அவ பெஞ்சுல தலய கவுத்துக்குறா. அப்புறம் எழுப்பவே முடியல. மூணு மாசமா இதே பேஜாரு மிஸ். நீங்க குடுத்தீங்களே டிபன் பாக்ஸு, அதுல சோறு எடுத்துக்கினு வர்றா, தொறக்காமயே திருப்பி எடுத்துக்கினு போறா."

மூன்று மாதமாக நாங்கள் பெருக்கிப் பெருக்கித் தண்டித்தது எதை என்று அப்போதுதான் புரிந்தது. திரையில் ஓடியது, அந்தத் தேர்வுத்தாள், நான் போட்ட கையெழுத்து, எல்லாம் ஒன்றாக வந்து முகத்தில் அறைந்தன. வெட்கமாக இருந்தது.

சாப்பாட்டு இடைவேளையில் அமைதியானவளை ஆய்வகத்துக்குக் கூப்பிட்டேன். உட்கார்ந்தவுடன் என் வாய் பழக்கதோஷத்தில் புத்திமதி சொல்லத் தொடங்கியது. படிக்கிற வயசு, அம்மா கஷ்டம், அது இது என்று. அவள் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். புத்திமதி சொல்லாதீர்கள், கேளுங்கள் என்று பயிற்சியில் வாசித்தது ஞாபகம் வந்தது. வாயை மூடினேன். பதினெட்டு வருடத்தில் மாணவி முன்னால் நான் வாயை மூடியது அதுதான் முதல் தடவை. ஆய்வகக் குழாய் சொட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தோம்.

"எதுவும் புடிக்கல மிஸ்" என்றாள் கடைசியில். "காலையில எழுந்துக்கறதே மலை மாதிரி கீது. இன்னா காரணம்னு கேட்டா தெரியல."

"உயிரோட இருக்க வேணாம்னு தோணுதா?" என்று கேட்டேன். நேராகக் கேட்கலாம், கேட்பதால் கெடுதல் வராது என்றும் வாசித்திருந்தார்கள்.

"சில நாள் தோணுது."

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"நீங்கதான் மிஸ் எல்லார் முன்னாடியும் நல்ல பொண்ணுன்னு சொல்லிட்டீங்க. அப்புறம் எப்படிச் சொல்றது?"

அன்று அவளைத் தனியாக விடவில்லை. அவள் அம்மாவுக்குப் போன் போட்டோம். எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற நிலக்கடலையைப் பிடுங்கிக்கொண்டிருந்தவர் கையில் செம்மண்ணோடு அப்படியே வந்தார். "பொண்ணு சொணங்கிப் போச்சேன்னு திருவக்கரை அம்மன் கோயிலுக்குக் கூட்டிக்கினு போயி எலுமிச்சம்பழம் சுத்தி போட்டேங்க டீச்சர். இன்னும் இன்னா பண்றதுன்னு தெரியலங்க" என்றார். எனக்குச் சிரிக்க யோக்கியதை இல்லை. அந்த அம்மாவாவது மகளுக்கு ஏதோ சரியில்லை என்று கண்டுபிடித்திருந்தார். நான் பரிசு கொடுத்திருந்தேன். மறுநாள் மூவருமாக அரசு மருத்துவமனைக்குப் போனோம். இது நோய்தான், சோம்பேறித்தனம் இல்லை, பேய் பிசாசும் இல்லை, குணமாகும், ஆனால் மெதுவாகத்தான் ஆகும் என்று டாக்டர் அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். பிறகு என் முகத்தையும் பார்த்துச் சொன்னார்.

திரும்பி வந்து இன்மையை அடித்துவிட்டு ஒன்று என்று எழுதிப் புதுப் படிவம் அனுப்பினேன். பேரைத் தவிர பத்துக் கட்டத்தையும் நிரப்பினேன். அலுவலகத்திலிருந்து போன் வந்தது. "இன்னா மேடம், எல்லா ஸ்கூலும் இன்மை குடுத்துட்டாங்க. உங்களுக்கு மட்டும் எதுக்கு ஒண்ணு?" என்றது குரல். "ஒண்ணுதான் இப்போதைக்குக் கண்ணுல பட்டுக்குது சார். இன்னும் பாத்துக்கினு கீறேன்" என்றேன். தலைமையாசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் முத்திரையைக் குத்தினார், அதைச் சொல்லியாக வேண்டும்.

அதன் பிறகு அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. மாத்திரை, வாரம் ஒருமுறை ஆலோசகர், சில நாள் பள்ளி, சில நாள் படுக்கை. டிபன் பாக்ஸ் பாதி காலியாவதைப் பார்த்தால் அன்றைக்கு எனக்கும் சாப்பாடு இறங்கியது. வாயாடி அவளிடம் பேசுவதை மட்டும் பலகையில் எழுதக் கூடாது என்று வகுப்புத் தலைவியிடம் சொல்லி வைத்தேன். அவளோ ரொம்ப நேர்மையானவள், விதிவிலக்கு கிடையாது என்று தொடர்ந்து எழுதினாள்.

அரையாண்டுத் தேர்வுக்கு முந்தின வாரம் ஒருநாள் வகுப்புக்குள் நுழைந்தேன். வலது மூலையில் ஒரே ஒரு பெயர். வாயாடியுடையது இல்லை. நான் இரண்டு தடவை படித்தேன். அமைதியானவள் எழுந்து நின்று விரலைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"என்ன பேசின?" என்றேன்.

அவளுக்கு முன் வாயாடி குதித்தாள். "என்னப் பாத்துக் கத்துறா மிஸ்! கொஞ்ச நேரம் வாய மூடுடி, தல வலிக்குதுன்னு!"

வகுப்பு சிரித்தது. அமைதியானவளும் சிரித்துவிட்டாள். நான் திரும்பி நின்று சமன்பாடு எழுதுவது போல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அடுத்த பீரியடுக்கு வந்த கணக்கு ஆசிரியர் பலகையை அழிக்க டஸ்டரைத் தூக்கினார். அந்த மூலையை மட்டும் விட்டுவிடச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.