ரங்கூன் பெரியப்பா

பொட்டைக் கட்ட முடியுமா என்பதுதான் அப்போது எனக்கிருந்த பெரிய சந்தேகம். வைக்கலாம், அழிக்கலாம், வேர்வையில் மூக்கு வரை வழியவிடலாம். கட்டுவது எப்படி?

சந்தேகத்தைக் கிளப்பியவள் மூன்றாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் தோழி. "உங்க வூட்ல தண்ணி குடிக்கக் கூடாதாம்டி. உங்க பெரியம்மா பொட்டு கட்டினவங்களாம், எங்கம்மா சொன்னாங்க" என்றாள். நானும் விடவில்லை. "பொட்டு வைப்பாங்க, கட்டுவாங்களா? உங்கம்மாவுக்குத் தமிளே தெரியல!" அம்மா அதே பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்பதால் தமிழ் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்.

உத்திரமேரூருக்கு நாங்கள் வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அப்பா செங்கல்பட்டு ஆபீஸிலிருந்து சனிக்கிழமைதான் வருவார். வீட்டில் அம்மா, அவளுடைய கூடப்பிறந்த அக்காவான பெரியம்மா, நான். பெரியப்பா ரங்கூனில் இருப்பதாக அம்மா ஊரில் சொல்லிவைத்திருந்தாள். நானும் அதையே நம்பியிருந்தேன்.

சாயங்காலம் பெரியம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது கேட்டேன். அவள் கை நின்றது. அப்புறம் சிரித்தாள். ரவிக்கைக்குள்ளிருந்து மஞ்சள் கயிற்றை இழுத்து, அதில் கோத்திருந்த குண்டுமணித் தங்கத்தைக் காட்டினாள்.

"இதாங்கண்ணு பொட்டு. எட்டு வயசுல கோயில்ல வெச்சுக் கட்டினாங்க. சாமிக்கும் எனக்கும் கல்யாணம்."

"அப்ப பெரியப்பா ரங்கூன்ல இல்லியா?"

"ரங்கூனாவது, இன்னொண்ணாவது! நம்ம பழைய ஊரு கோயில்லதான் கீறாரு."

"பின்ன ஏன் தண்ணி குடிக்கக் கூடாதுன்றாங்க?"

"ஜனங்க வாய்க்கு வந்தத பேசிக்கினு கீது. நான் பாடினேன், ஆடினேன், சாமிக்குத் தீபம் எடுத்தேன். அதுல இன்னா தப்பு? உங்கம்மாவுக்கும் கட்டணும்னு வந்தாங்க. நான் வுடல. இஸ்கூலுக்கு அனுப்பிட்டேன்."

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஊரில் வேறு யாருக்கு இப்படியொரு பெரியப்பா உண்டு? மறுநாள் எங்கள் டீச்சர் வரத் தாமதமான நேரத்தில், தோழியிடம் தோல்வியை ஒப்புக்கொண்டேன். "உங்கம்மா சொன்னதுதான் சரி. பொட்டைக் கட்டத்தான் கட்டுவாங்க. எங்க பெரியப்பா சாமிடி!" வகுப்பே என்னைச் சூழ்ந்துகொண்டது. சாமிக்கு யார் சோறு போடுவார்கள், வேட்டியை யார் துவைப்பார்கள், சண்டை வந்தால் முதலில் யார் பேசுவார்கள் என்று கேள்வி மேல் கேள்வி. தெரிந்ததற்கும் தெரியாததற்கும் சேர்த்துப் பதில் சொன்னேன். ஓலைத் தட்டிக்கு அந்தப் பக்கம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த அம்மாவின் குரல் பாதியில் நின்றுபோனது.

அம்மா அடிப்பாள் என்று பயந்தேன். அடிக்கவில்லை. "எல்லாத்தையும் சொல்லிட்டியா?" என்று மட்டும் கேட்டாள். இரண்டே நாளில், அந்த வீட்டு டீச்சர் எங்கள் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று சிலர் ஹெட்மாஸ்டரிடம் வந்துவிட்டார்கள். அம்மாவுக்கு வேலை போய்விடுமோ என்று வீட்டில் ஒரே குசுகுசுப்பு.

வெள்ளிக்கிழமை பெரியம்மா டிரங்குப் பெட்டியோடு பஸ்ஸுக்குக் கிளம்பினாள். "உன் பெரியப்பாவப் பாத்துட்டு வரேன் கண்ணு" என்றாள். நான் குதித்தேன். அவரை ஒருதரம் நம் வீட்டுக்கு வரச்சொல் என்று சொல்லியனுப்பினேன். பஸ் நகர்ந்ததும் நான் கையாட்டினேன். பக்கத்தில் நின்ற அம்மா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவுக்கு வேலை போகவில்லை. பெரியம்மா திரும்பி வரவுமில்லை. பெரியப்பாதான் அவளை அனுப்பமாட்டேன் என்கிறார் என்று தோழியிடம் ரொம்ப நாள் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.